மொட்டை மாடி ஏஞ்சல்

குதிகாலால் தளத்தில் ஓங்கி ஒரு மிதி. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். இரண்டடி தள்ளி இன்னொரு மிதி. திண்ணென்று சத்தம் வந்தால் நகர்ந்துவிடுவாள். காலி டப்பா மாதிரி வந்தால் கண் திறக்கும்.

"இங்கதான் தண்ணி படுத்துக்கினு கீது" என்பாள் ஏஞ்சல்.

ஒழுகுவது அந்தக் கோடியில் அல்லவா என்பார் வீட்டுக்காரர்.

"அது வெளிய வர்ற எடம் சார். இது குடித்தனம் பண்ற எடம்."

நாற்பத்தாறு வயது, கனத்த உடம்பு. சேலைக்கு மேல் ஒரு பழைய முழுக்கைச் சட்டை, மண்டி போட்டு வேலை செய்வதற்காக முழங்காலில் சாக்குத் துணி. உத்திரமேரூர் வட்டாரத்தில் மாடி ஒழுகினால் இவளுக்குத்தான் போன் வரும். ரப்பர் ஷீட் ஒட்டிய மாடியில் யாரும் செருப்போடு ஏறக் கூடாது. கட்சிக் கொடி நட ஷீட்டில் ஓட்டை போட்ட ஒருவரிடம், "மண்டையில நட்டுக்கோ நைனா, இன்னும் ஒசரமா தெரியும்" என்றாள். அவர் கொடியைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

சாப்பாட்டுப் பையில் எப்போதும் ஒரு சாண் அகலக் கறுப்பு ரப்பர் துண்டு இருக்கும். ஒரு முனையை வீட்டுக்காரரிடம் கொடுத்து, மறுமுனையை இழுத்துக்கொண்டே பின்னால் போவாள். பாதிப் பேர் பயந்து விட்டுவிடுவார்கள். அது பறந்து வந்து அவள் கையில் சுளீரென்று அடிக்கும். கையை உதறிக்கொண்டு சிரிப்பாள்.

"கியிஞ்சிதா? கியியாது. வெயில்ல தளம் வீங்கும், மயயில சுருங்கும். தார் ஊத்துனா வெடிச்சிக்கும், சிமெண்டு பூசுனாலும் வெடிச்சிக்கும். இது தளம் போற எடத்துக்கெல்லாம் கூடவே போவும், எங்கூட்டுக்காரரு மாதிரி."

பசை டின்னோடு நிற்கும் அவள் கணவர் ஆல்பர்ட் இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

கறுப்பாக இருக்கிறதே, வெயில் ஏறாதா என்று கேட்டால் மழுப்ப மாட்டாள். "ஏறும். அதான் மேல வெள்ள பெயிண்ட் அடிக்கிறோம், வூடு சில்லுனு இருக்கும். பொய் சொல்லி பொயக்கணும்னா கல்யாண புரோக்கர் ஆயிருப்பனே."

ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தவள். அங்கே கூரைக்கு ரப்பர் போட வந்தவர்களுக்குக் கையாள் குறைந்தது. மூன்று மாதம் மேலே ஏறி நின்றாள், வேலை கைக்கு வந்துவிட்டது. அவர்கள் வெட்டிப் போட்ட துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்து, காலனியில் இருந்த தன் தொகுப்பு வீட்டின் தலையில் ஒட்டுப் போட்டாள். அந்த ஐப்பசியில் தெருவிலேயே காய்ந்திருந்த கூரை அது ஒன்றுதான். பதினேழு பேர் உள்ளே உட்கார்ந்து போண்டா தின்றார்கள். தொழில் அப்படித் தொடங்கியது.

போன வருடம் ஊர்த் தெருவிலிருந்து கிருஷ்ணசாமி கூப்பிட்டனுப்பினார். நிலம் நீச்சு உள்ளவர். ஏஞ்சலின் அம்மா ஜெயம்மாள் முப்பது வருடம் அவர் வயலில் நடவு நட்டவள். கூலி வாங்கப் போனாலும் வாசலோடு சரி. அவர் வீட்டு மாடியில் மூன்று முறை தார் ஊற்றியும் ஒழுக்கு நிற்கவில்லை. மாடிப்படி வீட்டுக்குள், கூடத்தைத் தாண்டி இருந்தது.

ஏஞ்சல் போனபோது பின்பக்கச் சுவரில் மூங்கில் ஏணி சாத்தியிருந்தது.

"உள்ள பூஜ ரூம் கீதும்மா. கொஞ்சம் சுத்தபத்தமா வெச்சிக்கினு கீறோம். நீ இப்பிடியே ஏறிடு" என்றார் கிருஷ்ணசாமி.

"ஒரு ரோலு அம்பத்தஞ்சி கிலோ சார். ஏணில ஏறாது."

"கயிறு கட்டித் தூக்கேன்."

"சன்ஷேடுல ஒரசும். சிராய்ச்சா ஷீட்டு போச்சு. படி வழியாத்தான் போவணும்."

"எப்பிடியாவது பாரு. நீ கெட்டிக்காரியாச்சே."

ஏஞ்சல் ஏணியை ஏற இறங்கப் பார்த்தாள். "பேரு ஏஞ்சல்னா பறந்து போயிடுவேன்னு நெனச்சிக்கினீங்களா? ரெக்க பேர்லதான் சார் கீது, முதுகுல இல்ல."

பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஆல்பர்ட் பசை டின்னைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

பதினைந்து நாளில் மழை பிடித்துக்கொண்டது. கூடத்தில் நான்கு வாளி. கட்டில் மூலைக்கு மூலை நகர்ந்தது. ஐந்தாம் நாள் பூஜை அறையிலேயே சொட்ட ஆரம்பித்தபோது, கிருஷ்ணசாமியின் மனைவி ஆண்டாளம்மாள் வெடித்துவிட்டார்.

"சாமிக்கே கொட புடிக்க வெச்சிட்டீங்க. ஒங்க சுத்தபத்தத்த ஏணில ஏத்தி அனுப்புங்க, ஏஞ்சலு வாசல் வழியா வரட்டும்!"

போனும் அவரே செய்தார். ஏஞ்சல் அவசரப்படவில்லை. "ஈரத்துல பசை புடிக்காதும்மா. மூணு நாள் வெயில் காயட்டும்."

மழை விட்ட நான்காம் நாள் முன்வாசல் இரண்டு கதவும் திறந்திருந்தன. முன்னால் ஏஞ்சல், பின்னால் ஆல்பர்ட், நடுவே ரோல். ஆல்பர்ட் விறுவிறுவென்று நடந்தார்.

"யோவ், மெதுவா. எங்கம்மாவுக்கு போய் கத சொல்லணும்" என்றாள் தாழ்ந்த குரலில்.

மெதுவாகப் போனார்கள். பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபா. ஓடாத கடிகாரம். இரண்டு வருடத்துக்கு முந்தைய காலண்டர். படிக்கட்டுத் திருப்பத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இத்துக்கா இத்தினி வருசம் கதவ சாத்தி வெச்சிருந்தாங்க?"

பழைய தாரைச் சுரண்ட இரண்டு நாள், ஷீட் ஒட்டி உருளையால் அழுத்த இரண்டு நாள். பிறகு தண்ணீர் போகும் துளைகளைத் துணியால் அடைத்து, மாடியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிரப்பினாள். ஒரு ராத்திரி, ஒரு பகல் நிற்க வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் யாரையும் கேட்காமல் உள்ளே வந்தாள். கூடத்தின் நடுவில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் கழுத்து வலித்தது. சேலையைச் செருகிக்கொண்டு, மொசைக் தரையில் அப்படியே மல்லாந்து படுத்துவிட்டாள். தலைக்குக் கீழே இரண்டு கை, கால்மேல் கால்.

நாளிதழோடு உட்கார்ந்திருந்த கிருஷ்ணசாமி விறைத்துப்போனார்.

"பாய் வேணுமா ஏஞ்சலு?" என்றார் ஆண்டாளம்மாள்.

"வாணாம்மா. தரை சொகமா கீது. ஒரு மணி நேரம் பாக்கணும். ஒரு சொட்டு வந்தாலும் என் மேலதான் வுயணும்." பிறகு, கண்ணைக் கூரையிலிருந்து எடுக்காமல், "சார், அந்த ஃபேன கொஞ்சம் போடுங்க."

கிருஷ்ணசாமி சுற்றிலும் பார்த்தார். ஆண்டாளம்மாள் சமையலறைக்குள் போய்விட்டிருந்தார். எழுந்து போய் இரண்டு தப்பு சுவிட்சுகளைத் தட்டி, மூன்றாவதில் ஃபேனைக் கண்டுபிடித்தார். அது நிதானமாகச் சுற்றத் தொடங்கியது.

ஏஞ்சல் படுத்தபடியே ஒரு கையை உயர்த்தி, இன்னும் கொஞ்சம் என்று விரல்களால் காற்றைத் திருகிக் காட்டினாள்.