நங்கி என்று கூப்பிட்ட அக்கா

காலை ஆறேகாலுக்குப் பல்லேபொலவிலிருந்து மாத்தளைக்குப் புறப்படும் பஸ்ஸில் யாரும் முழுதாக விழித்திருப்பதில்லை. டிரைவராவது விழித்திருப்பார் என்று நம்பித்தான் ஏறுவோம். முன்கண்ணாடிக்கு மேலே புத்தர் படம், அதைச் சுற்றிச் சிவப்பும் பச்சையுமாகச் சின்ன விளக்குகள். ஊதுபத்திப் புகை இருக்கைகளுக்கு நடுவே மெல்ல வந்து தலைமுடியில் தங்கிக்கொள்ளும். ஜன்னலில் படிந்த பனிநீருக்கு அப்பால் மிளகுக்கொடி ஏறிய மரங்களும் வயல்களும் கரைந்து கரைந்து போகும். அந்தப் பயணத்தில் பாதி எனக்குக் கனவுதான். அந்த அக்காவை இப்போது நினைத்தாலும், நிஜமாகவே பக்கத்தில் இருந்தாரா என்று ஒரு கணம் சந்தேகம் வருகிறது.

இருந்தார். இரண்டு வருடம் இருந்தார். நான் டவுனில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை செய்தேன், அவர் ஒரு தையல் கடையில். நான் முதல் நாள் ஏறியபோது நகர்ந்து இடம் கொடுத்து, "வாடிவென்ன நங்கி" என்றார். உட்காரு தங்கச்சி என்று சொல்கிறார். நான் "ஹரி அக்கே" என்று உட்கார்ந்தேன். சரி அக்கா என்பதற்கு அப்படித்தான் சொல்லவேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் எங்கள் மொழி முடிவாகிவிட்டது. அதன் பிறகு மழை, கண்டக்டரின் முகம், அக்காவுடைய மகளின் இருமல், என் முதலாளியின் பிடிவாதம், எல்லாமே சிங்களத்தில். பெயரை மட்டும் நான் கேட்கவில்லை. அவர் பெயரைக் கேட்டால் என் பெயரைச் சொல்லவேண்டி வரும். என்னுடையது சொன்ன மாத்திரத்தில் திருநீறு மணக்கும் பெயர். அவரும் ஏனோ கேட்கவில்லை.

பஸ் வரும் சத்தம் கேட்டதும் நான் ஒரு வேலை செய்வேன். நெற்றியிலிருக்கும் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து போனின் முதுகில் ஒட்டிக்கொள்வேன். மாலையில் இறங்கியதும் திரும்ப நெற்றிக்கு ஏற்றிவிடுவேன். யாரும் அப்படிச் செய்யச் சொன்னதில்லை. யாரும் முகம் சுளித்ததும் இல்லை. வேலைக்குப் போன முதல் நாள் பஸ்ஸுக்குள் கண்ணை ஓட்டினேன், எல்லா நெற்றியும் வெறுமையாக இருந்தது. உட்காருவதற்குள் என்னுடையதும் வெறுமையாகிவிட்டது. அம்மா கோல் எடுத்தால் கட் பண்ணிவிட்டு, டவுனில் இறங்கியதும் நான் எடுப்பேன். "பஸ்ஸுல ஏறுனா ஒனக்கு வாயில பூட்டு விழுந்துருமா?" என்று அம்மா கேட்பார். சிக்னல் இல்லைம்மா என்பேன். கூசாமல் பொய் சொல்ல எனக்கு வரும்.

பஸ் கிளம்பினால் போதும், அக்காவுக்குத் தூக்கம் வந்துவிடும். தலை என் தோளில்தான் விழும். மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், கண்ணாடியெல்லாம் வெள்ளையாகி, எந்த ஊரில் போகிறோம் என்றே தெரியாமல் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது, அவர் தூக்கத்தில் பேசினார்.

"கதவ சாத்திறாதீங்கம்மா. இந்தா வந்துட்டேன்."

நான் அசையவில்லை. என் காதுதான் கனவு கண்டதோ என்று நினைத்தேன். அவர் இன்னொரு தடவை, இன்னும் சின்னக் குரலில், "அம்மா" என்றார். அது கடை கண்ணியில் பழகிக்கொண்ட தமிழ் இல்லை. என் அம்மா பேசும் அதே தேயிலைத் தோட்டத்துத் தமிழ். கண் விழித்ததும் ஏதாவது உளறினேனா என்று சிங்களத்தில் கேட்டார். இல்லையே என்று நானும் சிங்களத்தில் சொன்னேன்.

அன்று முழுக்க எனக்குக் கோபம். எவ்வளவு அழுத்தக்காரி, தாய்மொழி பேச வெட்கப்படுகிற பெருமைக்காரி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். மேசைமேல் கவிழ்ந்து கிடந்த என் போனில் என் பொட்டு சிவப்பாக இருந்தது. அது என் கண்ணில் படவேயில்லை.

அப்போது நான் ஞாயிற்றுக்கிழமைகளில் டவுனில் ஒரு மாடி அறையில் உளவளத்துணை, அதாவது கவுன்சலிங், டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் சமூக உளவியல். பாடம் நடத்திய சேர் புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தை நிதானமாக வாசித்து, "விளங்கிச்சா?" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். எனக்கு ஒரு சொல் விளங்கவில்லை, ஆனாலும் பலமாகவே ஆட்டினேன். சேர் சிரித்தார்.

"நான் வரிகள மாத்தி மாத்தி வாசிச்சேன். எனக்கே விளங்கல. பக்கத்துல உள்ளவருக்கு விளங்கிருச்சுன்னு நெனச்சு நீங்க ஆட்டுனீங்க. அவர் ஒங்களப் பாத்து ஆட்டுனாரு."

இதற்கு ஒரு பெயர் கரும்பலகையில் எழுதினார், வாயில் நுழையாத பெயர். எல்லோரும் உள்ளுக்குள் ஒன்றையே நினைத்துக்கொண்டு, தான் மட்டும்தான் அப்படி என்று வாயை மூடிக்கொண்டிருப்பது. பிறகு இன்னொன்றும் சொன்னார். அடுத்தவர் ஒன்றைச் செய்தால் அது அவருடைய குணம் என்போம், அதையே நாம் செய்தால் சூழ்நிலை என்போம். நான் குனிந்து அதை எழுதிக்கொண்டேன். காது சூடாகிவிட்டது. அக்கா மறைத்தால் பெருமை, நான் மறைத்தால் பஸ்ஸில் எல்லா நெற்றியும் வெறுமை. நல்ல நியாயம்தான்.

அந்தத் திங்கட்கிழமை பேசிவிடுவது என்று ஏறினேன். பேசவில்லை. அவர் மறைத்து வைத்திருப்பதை நான் போய் இழுத்து வெளியே போடுவதா என்று ஒரு சாக்குக் கிடைத்தது. அந்தச் சாக்கு இரண்டு மாதம் உழைத்தது.

பிறகு ஒரு திங்கட்கிழமை அக்கா சொன்னார், இந்த வெள்ளியோடு வேலையை விடுகிறாராம். கணவரின் ஊர் வில்கமுவ, அங்கே வயலோடு போய்விடுகிறார்களாம். ஒருநாள் அவரை மோட்டார்சைக்கிளில் கொண்டுவந்து விட்ட அந்த மனிதரை நான் பார்த்திருந்தேன், சிங்களவர், நல்ல சிரித்த முகம். "பஸ்கூட எப்போதாவதுதான் வருமாம் நங்கி" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அங்கே போனால் இவர் யாரோடு தமிழ் பேசுவார்? தூக்கத்தில் மட்டும்தானா? போவதற்குள் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிடவேண்டும், "அக்கா, நானும் தமிழ்தான்." எனக்காகவும்தான். இரண்டு வருடம் என் தோளில் தூங்கியவர் என்னை யாரென்று தெரியாமலே போய்விடக் கூடாது.

செவ்வாய்க்கிழமை அவர் ஏறியதும் தூங்கிவிட்டார். புதன்கிழமை கூட்டம், எங்களுக்கு நடுவே ஒரு ஆச்சி வாழைக்குலையோடு நின்றார். வியாழக்கிழமை துணிந்து, வழக்கமான அக்கேயை விட்டுவிட்டு, "அக்கா" என்றேன். எங்கள் இரண்டு மொழிக்கும் பொதுவான சொல் அது, அங்கே நின்றால் எந்தப் பக்கமும் ஓடலாம். அவர் சட்டென்று திரும்பி என் முகத்தையே பார்த்தார். மழை வரும்போல இருக்கிறது என்று நான் சிங்களத்தில் சொல்லி முடித்தேன். வானம் பளிச்சென்று இருந்தது.

வெள்ளிக்கிழமை அவர் தூங்கவில்லை. என் தோள் சும்மா இருந்தது. வெளியே பனி எழும்பிப் போய், நனைந்த வயல்மேல் வெயில் படுத்திருந்தது. நான் போனை மடியில் பிடித்தபடி அந்த வாக்கியத்தை உள்ளுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல அது தேய்ந்து, கடைசியில் எந்த மொழியென்றே தெரியாத சத்தமாகிவிட்டது. டவுன் வந்துவிட்டது. அவர் எனக்கு முந்திய ஹோல்ட்டில் இறங்குபவர்.

அக்கா எழுந்து பையைத் தோளில் மாட்டினார். குனிந்தார். என் மடியிலிருந்த போனின் முதுகில், ஓரம் கிளம்பியிருந்த பொட்டை விரலால் மெதுவாக அழுத்தி ஒட்டினார்.

"பொட்டு கழருது பாரு தங்கச்சி. எங்கயாவது விழுந்துறப் போகுது. நான் போயிட்டு வர்றேன், என்ன?"

நங்கி இல்லை, தங்கச்சி. முதல் நாளிலிருந்தே அந்தப் பொட்டு என் மடியில் மேலே பார்த்தபடிதான் இருந்திருக்கிறது. நான் மறைக்க விரும்புகிறேன் என்று எண்ணி, எனக்காக இரண்டு வருடம் தன் தமிழை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறார். கண் நிறைந்து அவர் முகம் மங்கலாகத் தெரிந்தது. பஸ் நின்றது. அவர் படியில் நின்று திரும்பிப் பார்த்தார், நான் ஏதாவது சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

நான் வாயைத் திறந்தேன்.

"ஹரி அக்கே" என்றேன்.