தலைப்பாகையை அவிழ்க்க வைத்த கார்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மானேஜரான பெரிய துரை கொழும்பிலிருந்து அந்தக் காரை ஓட்டிக்கொண்டு வருகிறார் என்று கேள்விப்பட்டதும், அது வழியிலேயே பழுதாகி நின்றுவிடக் கூடாதா என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். நிற்கவில்லை. பங்களா வாசல்வரை வந்து சேர்ந்தது.

தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. வெளிநாட்டுச் சாமான்கள் தாராளமாக இறங்கத் தொடங்கிய காலம். யாரோ ஒரு பணக்காரர் ஆசைக்கு இறக்கிய பந்தயக் கார் அது. அவருக்கு அலுத்ததும் எங்கள் துரை வாங்கிவிட்டார். துரை சிங்களவர், நல்ல மனிதர், கார் விஷயத்தில் மட்டும் சின்னப்பிள்ளை. கார் சிவப்பு நிறம். உயரம் என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. இருக்கை இரண்டே இரண்டு. எஞ்சின் முதுகுக்குப் பின்னால் அடுப்பு மாதிரி கனன்றுகொண்டிருக்கும். கதவுகள் பக்கவாட்டில் திறக்காமல் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். அதன் பெயர் என் வாயில் நுழையவில்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் இருந்த ஆட்கள் பார்த்த அன்றைக்கே அதற்குத் 'தவக்களை' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்திருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் தோட்டத்து ஜீப் பழுதுபார்க்கப் போய்த் திரும்பவேயில்லை. கேட்கும்போதெல்லாம் வரும், வரும் என்றார்கள். அதனால் ஜீப் செய்த வேலையெல்லாம் தவக்களையின் தலையில் விழுந்தது. ஜீப்புக்கு டிரைவர் நான்தான் என்பதால் என் தலையிலும் விழுந்தது.

மலைப் பாதையில் மழைத்தண்ணீர் வடிவதற்குக் குறுக்கே கான் வெட்டியிருப்பார்கள். ஜீப் அதில் இறங்கி ஏறிப் போய்விடும். இந்தக் கார் போனால் வயிறு தட்டும். துரை யோசித்து, ஒவ்வொரு கானுக்கும் இரண்டு பலகை போடச் சொன்னார். பலகை போட்டோம். நல்ல பலகை. அடுத்த நாளே பாதிப் பலகை காணாமல் போனது. ஒன்று ஆட்டுக்கொட்டிலில் கதவாக இருந்தது. இன்னொன்றில் ஒரு வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். நான் காரைக் கானுக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, லயம் லயமாகப் போய்ப் பலகை கேட்க வேண்டும். ஆட்களிடம் நின்று பேசவே கூச்சப்படுகிறவன் நான். பலகையைக் கொடுத்தார்கள்தான். ஆனால் முழுக் கதையும் கேட்டுச் சிரித்த பிறகே கொடுத்தார்கள்.

துரைசானிக்கு நுவரெலியாச் சந்தையிலிருந்து கோவா, லீக்ஸ் என்று காய்கறி வாங்கி வருவதும் இந்தக் காரில்தான். சாமான் வைக்கிற இடத்தில் ஒரு கைப்பைதான் கொள்ளும். ஆகவே பங்களாச் சமையல்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் மூட்டையும் மூட்டைமேல் தன் நாடியுமாக வருவார். மழையில் கதவைத் தூக்கினால் அதில் நின்ற தண்ணீர் முழுவதும் இருக்கையில் கொட்டும். கொட்டகலைக் கடைவீதியில் கருவாடு வாங்கினால் அந்த வாசனை வெளியே போக வழியில்லை, ஏனென்றால் கண்ணாடி ஒரு கை அகலத்துக்குமேல் இறங்காது.

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டேன். சலாமைத்தான் பொறுக்க முடியவில்லை.

துரையின் வாகனம் வந்தால் வேலையாட்கள் பாதையை விட்டு இறங்கி, குடையை மடக்கி, தலைப்பாகையை அவிழ்த்து நிற்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளைக்காரத் துரைமார் போன பிறகும் அது போகவில்லை. ஜீப் என்றால் உள்ளே யார் என்று தூரத்திலேயே தெரியும். நான் மட்டும் இருந்தால் யாரும் தலைப்பாகையைத் தொட மாட்டார்கள், கையைக் காட்டி நிறுத்தி ஏறிக்கொள்வார்கள். தவக்களையின் முன்கண்ணாடியோ சாய்ந்து படுத்திருக்கும். அதில் வானமும் பனிமூட்டமும்தான் தெரியும், ஆள் தெரியாது. சத்தம் மட்டும் இரண்டு வளைவுக்கு அப்பாலேயே கேட்கும். ஆகவே எல்லோரும் காருக்கே சலாம் வைத்தார்கள். என் அப்பாவின் வயதுள்ளவர்கள், நான் கருவாடு வாங்கி வரும்போது, நனைந்துகொண்டு தலைப்பாகையைக் கையில் பிடித்து நின்றார்கள். வேண்டாம் என்று சொல்லக் கண்ணாடியின் இடுக்கு வழியாகக் கையை நீட்டி ஆட்டினேன். துரையே பதில் சலாம் வைக்கிறார் என்று நினைத்து இன்னும் குனிந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். கீழ்ப் பிரிவுக் கங்காணியின் மூத்த மகள். எனக்கு முப்பது தாண்டியிருந்தது. பெண் பார்க்கப் போன இடங்களில் தலையைக் குனிந்தவன் நிமிராமல் இருந்ததால், மாப்பிள்ளைக்கு ஏதோ குறை என்று முன்பே சில இடங்கள் தட்டிப் போயிருந்தன. இந்த இடத்தில் மட்டும், கொழுந்து நிறுக்கும் இடத்தில் அந்தப் பெண் என்னைப் பார்த்து ஒருமுறை சிரித்திருந்தாள். எப்படியாவது இது கூடிவர வேண்டும் என்று இருந்தேன். பரிசம் போட நாள் குறிப்பதுதான் பாக்கி.

ஒரு மழை நாளில் கொட்டகலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். வளைவுக்குமேல் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். கீழே பாதையில் கங்காணி. சத்தம் கேட்டதும் அவர் குடையை மடக்கி, தலைப்பாகையை அவிழ்த்து, அவசரமாகப் பாதையோரக் கானில் இறங்கினார். பாசி வழுக்கிக் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். நான் காரை நிறுத்தி, கதவைத் தூக்கி, குழி மாதிரியான இருக்கையிலிருந்து கையை ஊன்றித் தவழ்ந்து வெளியே வந்தேன். அவர் அண்ணாந்து பார்த்தார்.

"நீயா?" என்றார்.

மேலேயிருந்து ஒரு பெண் கேட்டாள்: "என்னாங்க கங்காணி, பரிசம் போடுறதுக்கு முந்தியே மாப்புள்ளைக்கு சலாமா?"

மலை முழுவதும் சிரித்தது. அவருடைய மகளும் அந்த நிரையில்தான் நின்றாள். அவள் சிரித்தாளா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவரைத் தூக்கிவிடக் கை கொடுத்தேன். தட்டிவிட்டு, குடையை ஊன்றி எழுந்து, நொண்டிக்கொண்டே போனார்.

மறுநாள் ஆளிடம் சொல்லி அனுப்பிவிட்டார். தலைப்பாகையை அவிழ்த்துத் தான் சலாம் வைத்த ஒருவனை மருமகன் என்று வாசலில் வைத்து எப்படி வரவேற்பது, இந்தப் பேச்சு இத்தோடு முடிந்தது என்று. அம்மா அடுப்படியில் உட்கார்ந்து என்னைத்தான் ஏசினாள். அந்தக் காரை விட்டுவிட்டு தோட்டத்து லொறி ஓட்டப் போகிறேன் என்று துரையிடம் கேட்க ஒரு வாய்கூடவா இல்லை என்றாள்.

கேட்கத்தான் போனேன். பங்களாச் சமையலறைப் பக்கம் நெடுநேரம் நின்ற பிறகு துரையே பார்த்து, என்ன விஷயம் என்றார். மனதில் வரிசையாக வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது.

"அந்தக் காருக்கு எல்லாரும் சலாம் வைக்கிறாங்க, தொர" என்றேன்.

துரைக்கு முகமெல்லாம் சந்தோஷம். "அப்படியா? நல்லதுதானே. நல்ல கார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கங்காணியின் கால் வீங்கிக்கொண்டே போனது. நுவரெலியா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா சொல்லிவிட்டார். லொறி தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போயிருந்தது. துரை கொஞ்சமும் யோசிக்காமல் தன் காரிலே அனுப்பச் சொன்னார். கங்காணி நடந்தே போவேன் என்றாராம். துரை சொன்ன சொல்லை மறுக்க முடியுமா? இரண்டு பேர் அவரைக் கிணற்றில் வாளி இறக்குவது போல என் பக்கத்தில் இறக்கினார்கள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

முதல் வளைவில் கான் வெட்டும் ஆட்கள் ஒதுங்கி நின்று தலைப்பாகையை அவிழ்த்தார்கள். கங்காணி திடுக்கிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தார், துரை எங்கே என்று. அடுத்த வளைவில் மேல் பிரிவுக் கங்காணி நின்றார். இவருக்கும் அவருக்கும் கோயில் திருவிழாவில் ஆகாமல் போய்ப் பேச்சுவார்த்தை இல்லை. அவரும் குடையை மடக்கிக்கொண்டு கானில் இறங்கினார். எங்கள் கங்காணி வெட்கப்பட்டோ பயந்தோ இருக்கையில் சறுக்கிக் கீழே போனார். ஆனால் தொழிற்சாலை அருகே, அதற்கே பெரியவரான டீமேக்கர் ஐயா மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்தித் தொப்பியைக் கழற்றியபோது, கீழே போனவர் மெல்ல மேலே வந்தார். தலைப்பாகையைச் சரிசெய்தார். இரண்டு விரலை நெற்றிக்குக் கொண்டுபோய், துரை வைப்பது போலவே பதில் சலாம் வைத்தார்.

பெரிய ரோட்டில் ஏறியதும்தான் பேசினார். இப்போதும் என்னைப் பார்க்கவில்லை, கண்ணாடியைப் பார்த்துத்தான் சொன்னார்.

"ஏன் இப்பிடி வெரசாப் போறீங்க? மெதுவாப் போங்க, மாப்புள்ள."

அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டதும் ஸ்டியரிங் என் கையில் ஒருமுறை ஆடிவிட்டது. தலவாக்கலையைத் தாண்டும்வரை மெதுவாகவே ஓட்டினேன். அந்தக் காருக்கு மெதுவாகப் போகத் தெரியாது. எஞ்சின் சூடேறியது. முள் சிவப்புக்கு வந்தது. வேகமாகப் போனால் காற்றுப் பட்டு ஆறும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் மெதுவாகப் போகச் சொல்லியிருக்கிறார். நானுஓயா ஏற்றத்துக்கு முன்னாலேயே பின்பக்கமிருந்து ஆவி பொங்கிக் கார் நின்றுவிட்டது.

கதவைத் தூக்கி வைத்துவிட்டு, காரில் கிடந்த காலிப் பால்மா டின்னை எடுத்துக்கொண்டு, தண்ணீருக்காக ஓடைக்கு இறங்கினேன். அவரை வெளியே எடுக்க இரண்டு ஆள் வேண்டும், ஆகவே அவர் உள்ளேயே இருந்தார். பஸ்கள் வேகத்தைக் குறைத்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போயின. எனக்கு மானம் போனது. அவர் தூக்கி நின்ற கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கலியாணத்தன்னிக்கும் கதவு இப்பிடித் தூக்கிக்கிட்டு நிக்குமா?" என்றார்.

நிற்கும் என்றேன்.

"அப்ப தொரைகிட்ட கேட்டுருங்க. கோயில்ல இருந்து ஊர்வலம் இதுலதான்."

இருக்கை இரண்டுதானே மாமா, பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்தால் யார் ஓட்டுவது என்று கேட்டேன். அவரிடம் நான் வாய்விட்டுக் கேட்ட முதல் கேள்வி அது.

"வேற யாரு இருக்கா? நீங்கதான் ஓட்டணும்" என்றார்.

டின்னில் தண்ணீர் போதவில்லை. நான் மறுபடியும் ஓடைக்கு இறங்கினேன்.