பொலிகாளையை நடக்கச் சொன்னவர்

ராசிபுரத்தில் ஓர் எருமையின் வயிற்றில் திரும்பிக் கிடந்த கன்றை வெளியே இழுத்துக்கொண்டிருந்தேன். கொட்டகை வாசலில் வந்து நின்ற கம்பவுண்டர், "சிவஞானம் டாக்டர் போயிட்டாருங்க" என்றார். முழங்கை வரை இரத்தம். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட முடியவில்லை.

மாட்டு வைத்தியத்துக்கு என்னோடு படித்தவர், இந்த ஜில்லாவிலேயே வேலை பார்த்தவர். சேலம் அறுப்புக்கூடத்துக்குப் போய், வண்டி இழுத்த மாட்டையும் கட்டிப்போட்டு வளர்த்த மாட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவருடைய பைத்தியம். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியை அறுத்தெடுப்பார். சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பைக் கையில் நிறுப்பார். நாற்றம் தாங்காமல் நான் வெளியே நிற்பேன். "உள்ள வாய்யா, உழைப்பு உடம்புக்குள்ள என்ன பண்ணுதுன்னு பாரு" என்று கூப்பிடுவார்.

சேந்தமங்கலத்துப் பக்கம் ஒரு பெரிய பண்ணைக்காரர். அவருடைய பொலிகாளை கொழுத்துப்போய்ப் பசுவின் மேல் ஏற முடியாமல் நின்றது. மாட்டுச் சந்தை வருவதற்குள் அதை இளைக்க வைக்க வேண்டும் என்றார். தினமும் நடக்க விடச் சொன்னார் சிவஞானம்.

"ஏனுங்க, என்ற காளைய ஏர்மாடாட்டம் நடத்தோணுமா? பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா? கொழுப்பைக் கரைக்கற தைராய்டு பொடி இருக்குதாமில்ல?"

"இருக்குதுங்க. நடந்தா, உடம்பு தனக்கு வேணுங்கற மட்டும் கொழுப்பைக் கரைச்சுக்கும். அந்தச் சுரப்பும் அளவோட இருக்கும். பொடிய அள்ளிக் குடுத்தா நெஞ்சு தாங்காதுங்க."

நடக்க விட்டார்கள். காளை மெல்ல இளைக்கத் தொடங்கியது. பண்ணைக்காரருக்கு அந்த வேகம் போதவில்லை. பட்டணத்திலிருந்து பொடியை வரவழைத்துத் தவிட்டில் கலக்கச் சொன்னார். ஒரு நாள் காலை நடையில் வாயில் நுரை தள்ளிக் காளை விழுந்தது, எழவில்லை.

நடக்க வைத்துக் கொன்றுவிட்டார் என்று சிவஞானத்தின் மேல் புகார் போனது. காளையின் உடலை அறுத்துப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டார். பண்ணையில் மறுத்து, மாலை போட்டு, மேளம் கொட்டிப் புதைத்தார்கள். விசாரணையில் பண்ணையின் மாட்டுக்காரர் பழனி, "பொடி கலந்தது நானுங்க, எசமான் சொன்னாருங்க" என்றார். "உன்னை யாரும் கேட்கவில்லை" என்றார் அதிகாரி. பழனிக்கு அன்றோடு வேலை போனது. சிவஞானத்தை மலேரியா பிடித்த மலைக்காட்டுக்கு மாற்றினார்கள். அங்கே வந்த காய்ச்சல் அவரை விடவே இல்லை. அறுப்புக்கூடமும் இல்லை, ஆராய்ச்சியும் நின்றது.

பிறகொரு தடவை அதே பண்ணையில் மாடுகளுக்கு நோய் கண்டது. சிவஞானத்துக்கு ஆள் அனுப்பினார்கள். காய்ச்சலோடு வண்டியேறிப் போனார். நான் கத்தினேன். "மாடு எனக்கு என்னய்யா பண்ணுச்சு?" என்றார்.

சென்ற வாரம் நாமக்கல்லில் அவருக்கு நடந்த இரங்கல் கூட்டத்தில், அவரோடு வேலை பார்த்த நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். தலைமை தாங்கியவர் அந்தப் பண்ணைக்காரர். "எங்கள் குடும்ப நண்பர்" என்று நாத்தழுதழுக்கப் பேசினார். நீங்கள் தலையாட்டினீர்கள்.

சிவஞானம் அவரை மன்னித்திருக்கலாம். அந்த மனசை அவர் தம்மோடு எடுத்துப்போய்விட்டார். எனக்கு மிஞ்சியது அவர் படாத கோபம். அதை நான் விடுவதாக இல்லை.