உப்பில்லாக் கஞ்சி

“ஏறுற தொட்டியும் எறங்குற தொட்டியும் மேகத்துக்குள்ள முட்டிக்கிட்டா யாருக்குப்பா தெரியும்?”

என் மகள் வேலுத்தாய் ஒருநாள் இப்படிக் கேட்டாள். சிரித்துவிட்டேன். அதற்கு விடை கிடைத்த நாளின் கதையை நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. சாமி விளக்கின் முன்னால் எதைச் சொல்வேனோ அதையே எழுதுகிறேன்.

1912. ஆடி மாத மழை. மூணாறுக்கு மேலே, மலை விளிம்பில், ஒரு கயிற்றுப்பாதையின் மேல் நிலையத்தில் எனக்கு வேலை. இரும்புத் தொட்டிகளில் தேயிலைப் பெட்டிகள் அந்தரத்தில் தொங்கியபடி அடிவாரத்துக்கு இறங்கும். பக்கத்துக் கயிற்றில் அரிசி மூட்டைகள் ஏறும். மனைவி முத்துப்பேச்சியும் மகளும் அடிவாரத்தில் இருந்தார்கள்.

பாதி வழியில், ஒரு கம்பத்தடியில், கருத்தப்பாண்டி தனியாகக் காவல் இருந்தான். அங்கிருந்து பார்த்தால்தான் இரண்டு கயிறும் முழுசாகத் தெரியும். கோளாறு கண்டால் இரும்புக் கம்பியால் கம்பத்தில் மூன்று தட்டு. சத்தம் கயிற்றோடு மேலே ஓடி வரும். மிஷினை நிறுத்துவோம்.

காலையில் இறங்கும் தொட்டியில் அவனுக்குக் கஞ்சி வைத்து அனுப்புவேன். எடுத்துக்கொண்டதும் மெதுவாக ஒரே ஒரு தட்டு. அது மிஷினுக்கு இல்லை, எனக்கு. காலி வாளி ஏறுகிற தொட்டியில் திரும்பி வரும். கழுவ மாட்டான். கேட்டால், “தண்ணி மோக்கப் பள்ளத்துக்குப் போனா, கயித்தை உங்க மாமனாரா பாத்துக்கிருவாரு?” என்பான்.

அந்த மழையில் ஒருநாள் எங்கள் உப்பு மூட்டை நனைந்து கரைந்துபோனது. மறுநாள் காலையிலிருந்து உப்பில்லாமலே கஞ்சி அனுப்பினேன்.

தட்டு கேட்டது. வாளி திரும்பி வந்தது.

கழுவியிருந்தது.

அடுத்தடுத்த நாளும் அப்படியே. மூடியில்லாத வாளி. கொட்டும் மழையில் வந்தும் உட்புறம் காய்ந்து கிடந்தது...

“கருத்தப்பாண்டி சுத்தக்காரனாயிட்டாண்ணே,” என்றேன், மேஸ்திரி ராக்கப்பனிடம்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “வேலையைப் பாரு.”

அடுத்த வாரம் அடிவாரத்திலிருந்து போன் வந்தது. வேலுத்தாய்க்கு நெஞ்சில் சளி, மூச்சு முட்டுகிறது. டாக்டர் இருந்தது மேலே. மலைப்பாதை சரிந்து கிடந்தது. தொட்டியில் ஆள் ஏறக் கூடாது. ராக்கப்பன் காலைப் பிடித்தேன்.

“தொரைக்குத் தெரிஞ்சா நாம ரெண்டு பேரும் மூட்டை கட்டணும்,” என்றார். பிறகு, “சரி, மூட்டைன்னு சொல்லியே ஏத்தச் சொல்லு.”

முத்துப்பேச்சி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள்.

பிற்பகல் மூன்று மணி. கை நீட்டினால் கை தெரியாத பனி. கயிறு மட்டும் ஓடியது. க்ரீச்... க்ரீச்...

டங். டங். டங்.

ராக்கப்பன் முகம் வெளுத்தது. கை மட்டும் பிரேக்கை இழுத்தது.

கயிறு நின்றது.

அப்புறம்... மெதுவாக...

டங்.

எனக்கான தட்டு.

பனி விலகியது. நிலையத்துக்குச் சற்று வெளியே, இறங்கிப் போன தொட்டி ஒன்று கொக்கி கழன்று, ஏறுகிற கயிற்றின் குறுக்கே சாய்ந்து நின்றது. அதற்கு ஒரு கை தூரத்தில் என் பிள்ளை.

இருவரையும் உயிரோடு இறக்கினோம். முத்துப்பேச்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். “கருத்தப்பாண்டி காப்பாத்திட்டாண்ணே,” என்று அழுதேன்.

ராக்கப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அவன் மண்ணு சரிஞ்சு செத்து ஒரு வாரத்துக்கு மேல ஆச்சுப்பா. உப்பு கரைஞ்ச அன்னைக்கு ராத்திரியே. சொன்னா ஒருத்தனும் வேலைக்கு நிக்கமாட்டான்னு தொரை எங்க வாயைக் கட்டிட்டாரு. அந்தக் கம்பத்துல... ஆளே இல்ல.”

எங்கள் பக்கம் உப்பில்லாமல் படைப்பது இறந்தவர்களுக்கு. தெரியாமலே அத்தனை நாளும் படைத்திருக்கிறேன்.

தொட்டியில் ஆள் வந்தது துரைக்குத் தெரியாது; பிரேக் பிடித்துத் தொட்டிகளைக் காப்பாற்றியதற்காக ராக்கப்பனுக்குக் கம்பளி கொடுத்தார். கருத்தப்பாண்டிக்கு ஒரு குழிகூடக் கொடுக்கவில்லை. ஒரு வாய்க் கஞ்சியை ஆண்டவன் மறப்பதில்லை. மனிதர்கள் ஓர் ஆளையே மறந்துவிடுகிறார்கள்.

மழை விட்டதும் தனியாக இறங்கிப் போனேன். கம்பத்தடி மண்ணைத் தோண்டினேன். கிடைத்தவனைக் குழி வெட்டிக் கிடத்தி மூடினேன். தலைமாட்டில் கஞ்சி ஊற்றினேன். உயிரோடிருப்பவனுக்குக் கொடுப்பதுபோல், உப்புப் போட்ட கஞ்சி.

அன்று கயிறு ஓடவில்லை. தட்டும் கேட்கவில்லை.

வாளியைக் கழுவாமலே எடுத்துக்கொண்டு மலை ஏறினேன்.