மைக்கம்மா செத்துப்போன வாரம்

மைக்கம்மா செத்துப்போன சங்கதி அவளுக்கே பால்காரர் மூலமாகத்தான் தெரிந்தது. கதவைத் திறந்தவளைப் பார்த்ததும் மனிதர் பால் பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு, சைக்கிளையும் விட்டுவிட்டு ஓட்டமெடுத்தார்.

இருபத்தோரு வருடமாகப் பஸ் நிலையத்தின் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்தப் பஸ் எப்போது கிளம்பும் என்று மைக்கில் அறிவித்தவள். முகத்தைவிடக் குரல்தான் ஊருக்குப் பழக்கம். புது நோய் வந்து பஸ்கள் நின்றபோது, சுகாதார அதிகாரி அவளிடம் ஒரு தாளை நீட்டினார். "தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். நான் போட்டுக்கொண்டேன். நலமாக இருக்கிறேன்." மருந்து அப்போது ஊருக்கே வந்திருக்கவில்லை. "ரெண்டு நாள்ல வந்துடும்மா, சும்மா படிங்க," என்றார் அவர். படித்தாள், பதிவு செய்து அன்றே விளம்பர வேனில் போட்டுவிட்டார்கள். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

மருந்து வர எட்டு நாளாயிற்று. வந்த அன்றே போட்டுக்கொண்டாள். காய்ச்சல் அடித்துப் போட்டதில் மூன்று நாள் கதவைத் திறக்கவில்லை. ஊசி போட்டுச் செத்தாள் என்று மிச்சத்தை ஊர் வாய் பார்த்துக்கொண்டது.

விளம்பர வேனோ அது பாட்டுக்குத் தெருத்தெருவாகச் சுற்றியது. செத்தவள் 'நலமாக இருக்கிறேன்' என்கிறாள்! வேன் வர வர ஜன்னல்கள் படபடவென்று சாத்திக்கொண்டன. தடுப்பூசி முகாமில் நர்சுகள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

உயிரோடு இருப்பதைக் காட்டலாமென்று மைக்கம்மா தெருவில் இறங்கி நடந்தாள். பழக்கடைக்காரி தராசை அப்படியே விட்டுவிட்டு உள்ளே பதுங்கினாள். பட்டப்பகலில் ஒரு ஈ காக்கை இல்லை. எதிரே வேன் வந்தது. அவள் வாய் மூடியிருக்க, அவள் குரல் அவளைக் கடந்து போனது. உண்மையிலேயே செத்து எழுந்துதான் வந்தோமா என்று கையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டாள்.

நேரே அக்கா வீட்டுக்குப் போனாள். அக்காவுக்குச் சிறுவயதிலிருந்தே ஆஸ்துமா. அந்தத் தெருவில் மட்டும் நோய் நான்கு பேரை வாரிக்கொண்டு போயிருந்தது. அடுத்தது அக்காவோ என்பதே மைக்கம்மாவின் பயம்.

"நான் சாகலைக்கா. வந்து ஊசி போட்டுக்க."

"நீ சாகலைன்னு எனக்குத் தெரியாதா? காய்ச்சல்லயும் தினம் போன் பண்ணி முனகினியே." அக்கா அவள் முகத்தையே பார்த்தாள். "முதல் தடவை அந்த வேன் வந்தப்ப நீ இங்கதான் உக்காந்து பூண்டு உரிச்சுக்கிட்டிருந்த. போட்டுக்கிட்டேன்னு வெளியில உன் குரல். மருந்து ஊருக்கே வரலை. நீ தலையைத் தூக்கவே இல்லை. ஊர்ல எல்லாருக்கும் பேய்னு பயம். எனக்கு உன்மேலயே பயம்டி."

மைக்கம்மா வெளியே ஓடி, தெருவில் வந்த வேனை மறித்தாள். டிரைவர் குதித்து ஓடப் பார்த்தார். சட்டையைப் பிடித்து நிறுத்தி மைக்கை வாங்கினாள்.

"இது ரெக்கார்டு இல்லை. அன்னைக்கு நான் சொன்னது பொய். போட்டுக்காமலே சொன்னேன். அப்புறம்தான் போட்டுக்கிட்டேன். மூணு நாள் காய்ச்சல்ல கிடந்தேன். இப்ப எழுந்து வந்து நிக்கறேன். என் அக்கா பொழைக்கணும்..."

இருபத்தோரு வருடத்தில் முதல் முறையாக மைக்கில் அழுதாள். ஜன்னல் இடுக்குகளில் கண்கள் மட்டும் தெரிந்தன.

அக்கா இன்ஹேலரோடு இறங்கி வந்து, வேனின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"அந்த ஊசியைப் போட்டுக்கிட்டு நான் செத்துட்டா, அதையும் மைக்ல சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

அக்கா நகர்ந்து இடம் விட்டாள். "அப்ப ஏறு."