கை நனைக்காத விருந்து

ஆறுமுகசாமி தாசம்மாளுக்குப் பதினைந்தாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தான். மகள் ஷெமியின் கல்யாணத்துக்கென்று அவள் சீட்டுக் கட்டி எடுத்த பணம். ஈடு வாங்கவில்லை, வட்டி பேசவில்லை, கேட்டதும் கொடுத்தாள்.

ஏன் கொடுத்தாள் என்றால், ஆறுமுகசாமியின் கதையைக் கேட்டவர்கள் யாரும் கொடுக்கத்தான் செய்வார்கள். சங்கரன்கோவில் கரிசலிலிருந்து பிழைக்க வந்தவன். தம்பானூரில் ரயிலைவிட்டு இறங்கியபோது இடுப்பில் கட்டிய சாரம் தவிர மாற்றுச் சாரம் கிடையாது. ஓட்டலில் எச்சில் இலை எடுத்தான். பிறகு அந்த ஓட்டல்களில் மிஞ்சியதையே வாளியில் வாங்கிப் பன்றி வளர்க்கிறவர்களுக்கு விற்றான். வாளி சைக்கிள் ஆனது, சைக்கிள் டெம்போ ஆனது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், ஓட்டல் முதலாளிகள் எழுந்து நாற்காலி காட்டுகிற அளவுக்கு வந்தான் என்றால் அது யாரும் கொடுத்த சீதனம் இல்லை. நாலு பேர் கூடின இடத்தில் இதைச் சொல்வான். ஆள் கூடாத இடமாக இருந்தால் கூட்டிவைத்துச் சொல்வான். சொல்லட்டுமே, உழைத்தவன் வாயை யார் அடைக்க முடியும்?

நெய்யாற்றின்கரைக்குத் தெற்கே கைவிடப்பட்ட செங்கல் சூளைக் குழி ஒன்று கிடந்தது. அதைக் குத்தகைக்கு எடுத்து, ஓட்டல் கழிவைக் கொண்டுவந்து உரமாக்கப் போவதாகச் சொன்னான். குழியை ஒட்டின வீடு தாசம்மாளுடையது. புருஷன் செத்தபின் சூளைக்காரர்களுக்குச் சோறாக்கிப் போட்டுத்தான் அவள் மகளை வளர்த்தாள். சூளை நின்றதும் அடுப்பும் நின்றது. குழியில் மறுபடி ஆள் இறங்கினால் தன் அடுப்பு எரியும் என்று கணக்குப் போட்டாள். ஆறுமுகசாமிக்குக் குத்தகை முன்பணத்தில் பதினைந்தாயிரம் குறைந்தது. பெட்டியைத் திறந்து எண்ணிக் கொடுத்துவிட்டாள்.

முதல் இரண்டு வருஷம் பழுதில்லை. இலையையும் சோற்றையும் காய்கறித் தோலையும் சாணம், மரத்தூளோடு கலந்து வரிசையாகக் குவிப்பார்கள். அடிக்கடி கிளறிக் கொடுக்க வேண்டும். உள்ளே காற்றுப் போனால்தான் அது உரம், போகாவிட்டால் வெறும் அழுகல். வாழைத்தோட்டக்காரர்கள் வண்டி கொண்டுவந்து அள்ளிப் போனார்கள். இன்னும் நாலு ஓட்டல் சேர்ந்தது. குழி நிறைந்தது. அப்புறம்தான் வாடை குழியைவிட்டு ஏறி வெளியே வந்தது.

வேதக்கோயில் சபைச் செக்ரட்டரி நேசையன் தலைமையில் ஊர்க்காரர்கள் வந்தார்கள். கிணற்றடியில் நிற்க முடியவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குச் சன்னலைத் திறக்க முடியவில்லை, கிளறுகிற நாளில் பிள்ளைகள் சோற்றை வைத்துக்கொண்டு அழுகிறார்கள் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஆறுமுகசாமி எல்லோருக்கும் எலுமிச்சை பிழிந்து நாரங்கா வெள்ளம் கொடுத்தான். பிறகு தன் கதையைத் தம்பானூரில் ஆரம்பித்தான். கதை சைக்கிளுக்கு வருவதற்குள் நேசையன் குறுக்கே விழுந்தான்.

“அண்ணாச்சி, ஒமக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கது பொடி போடதுக்கு மட்டும்தானா?”

கூட்டம் சிரித்தது. ஆறுமுகசாமியும் சிரித்தான். ஆனால் உள்ளதைச் சொன்னால் அவனுக்கு அந்த வாடை தெரிவதே இல்லை. பதினெட்டு வயசிலிருந்து அதற்குள்ளேயே கிடந்தவன்.

அவனை விட்டுவிட்டு ஊர் தாசம்மாளைப் பிடித்தது. வட்டிப் பணத்துக்கு மணம் உண்டுமா என்று குழாயடியில் கேட்டார்கள். வாங்காத வட்டிக்கு அவள் என்ன பதில் சொல்வாள்? குழியைப் பூட்டினால் பணம் போகும், ஷெமிக்குக் கல்யாணம் இல்லை. குழி நடந்தால் மாப்பிள்ளை வீட்டார் ரோட்டு வளைவிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்புகிறார்கள், அப்போதும் கல்யாணம் இல்லை. இரண்டு தடவை அப்படித் திரும்பிப் போனார்கள். ஷெமிக்கு இருபத்தாறு முடிந்திருந்தது.

மூன்றாவதாக மார்த்தாண்டத்துப் பக்கமிருந்து ஒரு இடம் வந்தது. பையன் வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். ஷெமியைக் கல்யாண வீடு ஒன்றில் பார்த்துப் பிடித்துப்போய் அவனாகவே ஆள் அனுப்பியிருந்தான். சனிக்கிழமை வீட்டுக்கு வந்து கை நனைப்பதாகப் பேச்சு. அந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம். பெண் வீட்டில் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டால் பேச்சு உறுதி. அடுத்த ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்துவிடலாம். நனைக்காமல் எழுந்தால் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். வாய்விட்டுச் சொல்ல வேண்டியதே கிடையாது.

தாசம்மாள் குழிக்கு வந்தாள். அதுவரை ஒரு குறையும் சொல்லாதவள்.

“ரூபா நீரு எப்ப வேணும்னாலும் தாரும், அண்ணாச்சி. அண்ணைக்கு ஒரு நாளு மட்டும் காத்து நல்லா இருக்கணும்.”

“என்னைய யாருன்னு நெனச்சீங்க அக்கா? உங்க மீன்கறி மணத்தைத் தவிர அன்னைக்கு வேற ஒண்ணும் வீசாது. இது ஆறுமுகசாமி வாக்கு.”

அவள் போனதும் குழியில் கிளறுகிற பால்பாண்டி வழி சொன்னான். ஒரு வாரம் லோடு எடுக்காமல் இருந்து, உள்ளதை நன்றாகக் கிளறி ஆறவிட்டால் சனிக்கிழமைக்குள் வாடை அடங்கிவிடும். ஆறுமுகசாமிக்கு அது பிடிக்கவில்லை. ஒரு வாரம் வண்டி போகாவிட்டால் ஓட்டல்காரர்கள் வேறு ஆளைப் பார்ப்பார்கள். அதைவிட, ஆறுமுகசாமி வண்டி நின்றது என்று தம்பானூரில் ஒருத்தன் சொல்லிவிடக் கூடாது. கிளறினால்தானே வீசுகிறது, கிளறாதே என்றான். புதுத் தார்ப்பாய் வாங்கி, லோடு எல்லாவற்றையும் அதற்கடியில் தள்ளி, ஓரத்தில் கல் வைத்து அமுக்கச் சொன்னான். உள்ளே புளித்துப்போகும் முதலாளி என்று பால்பாண்டி முனகினான். “நான் எச்சில் இலை எடுக்கும்போது நீ பொறக்கவே இல்லடே,” என்று அவன் வாயை அடைத்துவிட்டான்.

நாலு நாள் ஊரில் வாடையே இல்லை. நேசையனே வந்து கை கொடுத்துவிட்டுப் போனான். ஆறுமுகசாமி ஊருக்குள் இரண்டு சுற்று வந்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோடைமழை கொட்டியது.

சனிக்கிழமை கஞ்சி முறுகிய வெள்ளைச் சட்டையில் தாசம்மாள் வீட்டுக்குப் போனான். என் கூடப்பிறக்காத தம்பி என்று வந்தவர்களிடம் அவள் சொன்னாள். மாப்பிள்ளையின் தாயார் சிரித்த முகமாக ஷெமியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, பின்னலை எடுத்து முன்னால் போட்டு அழகு பார்த்தாள். பாய் விரித்து இலை போட்டார்கள். சோறு, மீன்கறி, அவியல், பப்படம். தண்ணீர் ஊற்றுகிற வேலையை ஆறுமுகசாமி கேட்டு வாங்கிக்கொண்டான். முதல் இலைக்குக் குனிந்தான்.

அப்போது அவனுக்கு வாடை தெரிந்தது.

எத்தனையோ வருஷமாக எதுவும் தெரியாத மூக்கு. ராத்திரி மழைத்தண்ணீர் சரிவிலிருந்து இறங்கித் தார்ப்பாய்க்கடியில் புகுந்திருக்கிறது, குவியல் உடைந்து ஓடுகிறது என்று பார்க்காமலே தெரிந்தது. மற்றவர்களுக்கு இன்னும் தெரியவில்லை. பையன் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். சீக்கிரம் கையை வையுங்கள், ஒரு வாய் அள்ளுங்கள் என்று சொல்ல ஆறுமுகசாமிக்கு நாக்கு துடித்தது. ஜெபம் பண்ணாமல் எப்படிக் கை வைப்பார்கள்? மாப்பிள்ளையின் மாமா கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கினார். நீளமான ஜெபம். ஆமென் சொல்லும்போது அவர் குரல் அடைத்துக்கொண்டது.

யாரும் மூக்கைப் பொத்தவில்லை. மரியாதைக்காரர்கள். தாயார் மட்டும் சேலைத் தலைப்பை வாயருகே கொண்டுபோனாள். களியக்காவிளையில் ஒரு துக்க வீட்டுக்குப் போக வேண்டியதை மறந்துவிட்டோம், பிறகு ஒரு நாள் வந்து சாப்பிடுகிறோம் என்றார் மாமா. பையன் எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தான். தாயார் தோளைத் தொட்டதும் எழுந்தான். ஷெமி வாசல்வரை வந்து எல்லோருக்கும் தலையாட்டி வழியனுப்பினாள்.

இலைகள் போட்டபடி கிடந்தன. பப்படம் நமத்துப்போகிறவரை தாசம்மாள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கறிச்சட்டியையும் சோற்றுப் பானையையும் கொண்டுவந்து ஆறுமுகசாமியின் காலடியில் வைத்தாள்.

“இதையும் ஒம்ம குழிக்கே எடுத்துட்டுப் போவும், அண்ணாச்சி.”

அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. வெள்ளைச் சட்டையோடு அவன் அதைச் சுமந்துகொண்டு போனான். எத்தனை ஓட்டல் சோற்றைக் கொட்டியிருப்பான். அந்தப் பானையைக் கவிழ்க்க அவனுக்குக் கை வரவில்லை. பால்பாண்டிதான் வாங்கிக் கவிழ்த்தான்.

ஊர்க்காரர்கள் மனு கொடுக்க வேண்டி வரவில்லை. குழியை அவனே பூட்டினான். குத்தகைப் பாக்கிக்கு டெம்போ போயிற்று. பதினைந்தாயிரம் அப்படியே நின்றது. தாசம்மாள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் அவனுக்குத் தூக்கம் வந்திருக்கும். மறுபடியும் தம்பானூருக்கே போய் ஒரு லாட்ஜில் அறை கூட்டுகிற வேலையில் சேர்ந்தான். கீழேயிருந்து மேலே வந்த கதையை அங்கே யாரிடமும் சொல்லவில்லை. சம்பளத்தில் சாப்பாடு போக மிஞ்சியதைச் சேர்த்தான், காய்ச்சல் வந்தபோது செலவழித்தான், மறுபடி சேர்த்தான்.

தொகை முழுசாவதற்கு முன்னால் தாசம்மாள் போய்ச் சேர்ந்தாள். அடக்கத்துக்குப் போனவன் கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டு வந்தான்.

ஷெமி கழக்கூட்டம் என்கிற ஊரில் கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டலில் சமையல் செய்வதாக நேசையன் சொன்னான். கல்யாணம் ஆகவில்லை. தொகை முழுசானதும் ஆறுமுகசாமி பணத்தோடு பஸ் ஏறிப் போய்ச் சமையல்கட்டின் பின்வாசலில் நின்றான். அவளுக்கு முன்நெற்றியில் நரை விழுந்திருந்தது. உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். வேண்டாம் என்றான்.

“தாசம்மாக்காவுக்குத் தர வேண்டியது, மக்களே. வட்டி எவ்வளவுன்னு நீயே சொல்லு.”

“அம்மா வட்டி ஒண்ணும் சொல்லல்ல அண்ணாச்சி. அசல் தந்தா போதும்.”

நோட்டுக்கட்டை அப்படியே நீட்டினான். அவள் வாங்கவில்லை.

“அம்மா ஒமக்கு எண்ணித்தானே தந்தாங்க. நீரும் எண்ணித் தாரும்.”

அரிசி கழுவிய கையைச் சேலையில் துடைத்து விரித்துப் பிடித்தாள். ஆறுமுகசாமி எச்சில் தொடாமல் ஒவ்வொரு நோட்டாக அந்தக் கையில் எண்ணி வைத்தான்.