ஆளில்லாத தொட்டி

எந்தக் குப்பைத்தொட்டியைக் கடந்து போனாலும் அவள் கை ஒருமுறை அதற்குள் போய்வரும். பஸ் நிலையமோ ஆஸ்பத்திரி வராந்தாவோ, வாய் பேசிக்கொண்டிருக்கும், கை தன் பாட்டுக்கு வேலை பார்க்கும். சோற்றுக் குப்பையில் கிடக்கும் பாட்டிலைப் பக்கத்துத் தொட்டிக்கு மாற்றும். காலிக் கப்புகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி வைக்கும். பழைய பொருள் பிரிக்கும் கொட்டகையில் பல வருஷம் வேலை பார்த்ததில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. ‘கோழி’ என்று புருஷன் கேலியாகக் கூப்பிடப்போய், அதுவே ஊருக்கெல்லாம் அவள் பெயராகிவிட்டது.

திடலில் பொருட்காட்சி போட்டபோது, சாப்பாட்டுக் கடைகளின் ஓரத்தில் மக்கும் குப்பைக்கு ஒன்று, மக்காததற்கு ஒன்று என்று ஜோடி ஜோடியாகத் தொட்டிகள் வைத்தார்கள். எதை எதில் போடுவது என்று ஜனங்களுக்குச் சொல்ல, கோழியும் அவள் நாத்தனாரும் அவர்கள் கொடுத்த கோட்டை மாட்டிக்கொண்டு ஒரு ஜோடியருகே நின்றார்கள். அண்ணி கூப்பிட்டாளே என்று நாத்தனார் தையல் கடை வேலையையே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

ஏற்பாடு பலன் தருகிறதா என்று மதிப்பிட ஒரு நாள் காலையில் ஓர் அம்மா வந்தார். இவர்கள் நிற்கும் தொட்டிகளையும், குழாயடிக்குப் போகும் வழியில் போர்டு மட்டும் மாட்டியிருந்த தொட்டிகளையும் சாயங்காலம் கொட்டிப் பார்ப்பாராம். ஆள் நிற்பதால் வித்தியாசம் தெரிந்தால் இனி நடக்கும் பொருட்காட்சிகளுக்கெல்லாம் இவர்களை எடுப்பார்கள். இல்லையென்றால் போர்டே போதும்.

“போர்டு இருக்கற தொட்டில எவளாவது கை வச்சீங்க, அப்பவே வீட்டுக்கு அனுப்பிடுவேன்” என்றார் சூப்பர்வைசர்.

“அண்ணி, காதுல விழுந்துச்சா? உங்களுக்குத்தான்.”

“சும்மா இருடி. என் கை என் பேச்சைக் கேக்காதா?”

அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. கோழி அடிக்கடி குழாயடிக்குத் தண்ணீர் குடிக்கப் போய்வந்தாள்.

சாயங்காலம் தார்ப்பாயை விரித்து முதலில் இவர்கள் பைகளைக் கொட்டினார்கள். சுத்தமாக இருந்தது. நாத்தனார் கோழியின் விலாவில் இடித்துச் சிரித்தாள். அடுத்து ஆளில்லாத தொட்டியின் பைகள். அவையும் சுத்தம்.

“பாத்தீங்களா மேடம்?” என்றார் பொருட்காட்சிக்காரர். “ஜனங்க திருந்திட்டாங்க. இதுக்குப் போய் ஆளு எதுக்கு?”

மேடம் தலையாட்டிக்கொண்டே எழுத ஆரம்பித்தார்.

கோழி குவியலையே பார்த்தாள். கப்புகள் ஒன்றுக்குள் ஒன்றாக, கோபுரம் மாதிரி கிடந்தன. அவசரமாகக் குடித்துவிட்டுப் போகிறவர்கள் யாரும் அப்படி அடுக்க மாட்டார்கள். எப்போது செய்தோம் என்றே அவளுக்கு நினைவில்லை. நாத்தனாரும் பார்த்துவிட்டாள். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

வாயைத் திறந்தால் கோழி ஒருத்தியின் பிழைப்பு போகும். மூடிக்கொண்டால் இரண்டு பேருக்கும் போகும். முன்பின் தெரியாதவர்கள் எதிரே கோழிக்குப் பேச்சே வராது. மேடம் பேனாவை மூடப்போனார்.

“அம்மா, எழுதாதீங்க. அது... நான்தான்.”

“என்னம்மா நீங்கதான்?”

“அந்தத் தொட்டி. போறப்ப வரப்ப நான்தான் எடுத்து மாத்தி வச்சுட்டேன். வேணும்னு செய்யலைங்க. கை போயிடுச்சு.”

“காலையில படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!” சூப்பர்வைசர் கத்தினார். “கோட்டைக் கழட்டிக் குடுத்துட்டுக் கிளம்பு!”

“அவங்கமேல தப்பு இல்லைங்க...” என்று நாத்தனார் ஆரம்பித்தாள்.

“நீ வாயை மூடு. உனக்கு நாளைக்கு வேலை இருக்கு” என்று கோழி அவளை அடக்கினாள். அந்தக் குரலை நாத்தனார் அதுவரை கேட்டதில்லை.

மேடம் எழுதியதை அடித்தார். “இந்தப் பைகளைச் சேர்க்க முடியாது. நாளைக்கு மறுபடி பார்ப்போம்.”

மறுநாள் முழுவதும் கோழிக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. வைத்த உலை பொங்கி அடுப்பை அணைத்தது. ஆள் நிற்கும் தொட்டிக்கும் மற்றதற்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால்? பொழுது சாய்ந்து நாத்தனார் வாசலில் செருப்பைக் கழற்றியபோது, கோழி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

“நாறிப்போச்சு அண்ணி!” என்றாள் நாத்தனார், முகமெல்லாம் சிரிப்பாக. “போர்டு இருந்த தொட்டில குழம்பும் சோறும் பேப்பரும் ஒண்ணாக் குழைஞ்சு, பொருட்காட்சிக்காரர் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஓடிட்டாரு. நம்ம தொட்டி பளிச்சுனு இருந்துச்சு.”

கோழி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது திடலில் எது நடந்தாலும் ஒவ்வொரு ஜோடித் தொட்டிக்கும் ஓர் ஆள் நிற்கிறார். அவர்களை நாத்தனார்தான் பார்த்துக்கொள்கிறாள். கோழியை மறுபடி எடுக்கச் சூப்பர்வைசர் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் பழைய கொட்டகைக்கே வேலைக்குப் போகிறாள்.